வட்டத்துக்குள் நின்ற பைகள்

கண்ணு, உனக்கு ஒரு சின்ன வேலை தருகிறேன். அடுத்த முறை அம்மாவோடு வங்கிக்கோ ரேஷன் கடைக்கோ போகும்போது வாசல் தரையைக் கொஞ்சம் உற்றுப் பார். சில இடங்களில் மஞ்சள் பெயின்ட் வட்டங்கள் மங்கலாகத் தெரியலாம். பாதி அழிந்திருக்கும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே உன் கால் நடையில் மூன்று, நான்கு எட்டு இருக்கும்.

"பாண்டி ஆடக் கட்டம்தானே போடுவார்கள், இது ஏன் வட்டம்?" என்று கேட்கத் தோன்றுகிறதா? சபாஷ். அப்படிக் கேட்கிற பிள்ளைக்குத்தான் இந்தக் கதை.

அந்த வட்டங்கள் 2020-ஆம் ஆண்டில் போட்டவை. நீ அப்போது தொட்டிலில் கிடந்திருப்பாய், அல்லது மூன்று சக்கர சைக்கிள் ஓட்டிக்கொண்டிருப்பாய். அப்போது கொரோனா என்ற கிருமி பரவிக்கொண்டிருந்தது. கூட்டம் கூடக் கூடாது என்று மார்ச் 24-ஆம் தேதி மாலை தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு வந்தது. அன்று நள்ளிரவோடு நாடு முழுக்க ஊரடங்கு. சேலம், நாமக்கல் பக்கம் எப்போதும் லாரி ஓடிக்கொண்டே இருக்கும் இல்லையா? அந்தச் சாலைகளில் காக்கை நடந்து போகிற சத்தம்கூடக் கேட்டது. பள்ளிக்கூட மணி அடிக்கவில்லை.

ஆனால் வயிறு ஊரடங்கைக் கேட்குமா? அரிசி வேண்டும், பால் வேண்டும், அப்பாருக்குச் சர்க்கரை மாத்திரை வேண்டும். அதனால் மளிகைக் கடை, காய்கறிக் கடைகளுக்கு மட்டும் நேரம் ஒதுக்கினார்கள். ஏப்ரல் 5-ஆம் தேதியிலிருந்து காலை 6 மணி முதல் பகல் 1 மணி வரைதான். வீட்டுக்கு ஒருவர் போய், கடை வாசலில் வரைந்த வட்டத்துக்குள் நின்று வாங்கி வர வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஒருவர் நான்.

ராசிபுரம் பக்கத்தில் எங்கள் ஊர். என் அக்கா மகளுக்கு அப்போது எட்டு வயது. நான் கடைக்குப் போய்விட்டு வந்தால் திண்ணையில் நின்றபடியே கேள்விகளை எறிவாள். ஒரு நாள் அவள் கேட்டது இது:

"மாமா, அந்த வட்டத்துக்குள்ள நின்னா கொரோனா வராதா? அது என்ன, மந்திரக் கோடா?"

எவ்வளவு அருமையான கேள்வி பார்த்தாயா! பெரியவர்கள் பலர் வட்டத்துக்குள் நின்றார்கள். ஏன் நிற்கிறோம் என்று கேட்டவர்கள் குறைவு.

வட்டத்தில் மந்திரம் எதுவும் இல்லை, கண்ணு. சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்துக் கிருமி பயப்படாது. வேலை செய்வது கோடு அல்ல. இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்கிற வெறும் இடம்.

நீ நாமக்கல் பிள்ளையாக இருந்தால் உனக்குச் சட்டென்று புரியும். ஒரு அட்டை முட்டையில் எத்தனை முட்டை? 30. ஒவ்வொரு முட்டைக்கும் ஒரு குழி. லாரி குலுங்கினாலும் ஒரு முட்டை அடுத்த முட்டையில் போய் முட்டாது. ஒன்று உடைந்தாலும் பக்கத்தில் இருப்பது தப்பிக்கும். அதே 30 முட்டையைப் பையில் கொட்டி எடுத்துக்கொண்டு போனால்? வீடு வந்து சேரும்போது ஆம்லெட்தான். கடை வாசலில் போட்ட வட்டங்கள் அந்தக் குழிகளைப் போன்றவை. முட்டைக்குப் பதிலாக மனிதர்கள்.

சரி, மனிதருக்கும் மனிதருக்கும் நடுவே எது போய் முட்டுகிறது? அதையும் பார்த்துவிடுவோம்.

கண்ணாடி முன்னால் போய் நின்று "பப்பாளி" என்று பலமாகச் சொல்லிப் பார். கண்ணாடியில் பொடிப்பொடியாகத் துளி தெரியும். நாம் பேசும்போது, இருமும்போது, தும்மும்போது இப்படி எச்சில் துளிகள் வெளியே வருகின்றன. கிருமி உள்ளவரின் துளியில் கிருமியும் ஏறி வரும். கிருமிக்குக் காலும் இல்லை, இறக்கையும் இல்லை. துளிதான் அதற்கு வண்டி.

துளிகளில் இரண்டு வகை. பெரிய துளி மாம்பழம் மாதிரி. காம்பிலிருந்து விட்டதும் தொப்பென்று கீழே விழும். ஒன்று, இரண்டு மீட்டர் தூரத்துக்குள் தரைக்கு வந்துவிடும். சின்னத் துளி பட்டம் மாதிரி. வெளியே வந்ததும் காற்றில் உலர்ந்து இன்னும் சின்னதாகி, மிதந்துகொண்டே போகும். 1934-லேயே வில்லியம் வெல்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைக் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். எந்த அளவு துளி விழும், எந்த அளவு துளி உலர்ந்து மிதக்கும் என்று அவர் ஒரு கோடு பிரித்தார்.

இப்போது சொல், வட்டம் எந்தத் துளியைத் தடுக்கும்? மாம்பழத் துளியைத்தானே! நீ தள்ளி நின்றால் அது உன் மேல் விழாது. ஆனால் பட்டத் துளி?

அதற்கு ஒரு சோதனை. அம்மாயியிடம் சொல்லிவிட்டு, பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய். ஜன்னலெல்லாம் சாத்திய அறையில் ஒரு ஊதுபத்தி ஏற்றச் சொல். புகை அங்கேயே சுற்றிச் சுற்றி நிற்கும். அதே ஊதுபத்தியை வாசலுக்குக் கொண்டுவந்தால் புகை எங்கே போனது என்றே தெரியாது. பட்டத் துளிகளும் அப்படித்தான். அடைத்த அறையில் தங்கும். வெட்டவெளியில் கலைந்து போகும்.

நெரிசலைக் குறைக்க அந்த நாட்களில் தமிழ்நாட்டின் பல ஊர்களில் காய்கறிச் சந்தையைப் பஸ் ஸ்டாண்டுக்கும் மைதானத்துக்கும் மாற்றினார்கள். பஸ் ஓடாத பஸ் ஸ்டாண்டில், பஸ் நிற்கிற இடத்தில் கத்தரிக்காயும் வெண்டைக்காயும் குவிந்திருந்தன. பார்க்க விநோதமாக இருந்தது. ஆனால் நல்ல யோசனை. நெரிசலும் குறையும், வெட்டவெளியும் கிடைக்கும்.

கூட்டமாக நெருங்கி நின்றால் என்ன ஆகும் என்பதைக் கோயம்பேட்டில் பார்த்தோம். சென்னையில் இருக்கும் பெரிய காய்கறிச் சந்தை அது. மூட்டை தூக்குபவர், லாரி ஓட்டுபவர், வாங்க வந்தவர் எல்லாரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கிற இடம். அங்கே தொற்று பரவியது. சந்தைக்கு வந்து போனவர்களோடு கடலூர், அரியலூர், விழுப்புரம் என்று பல மாவட்டங்களுக்கும் போய்விட்டது. 2020 மே 5-ஆம் தேதி சந்தையை மூடினார்கள்.

எப்படி அவ்வளவு வேகமாகப் பரவியது என்கிறாயா? விரலை நீட்டு, எண்ணுவோம். ஒருவர் இரண்டு பேருக்குக் கொடுக்கிறார். அந்த இருவர் ஆளுக்கு இரண்டு பேருக்கு. 2, 4, 8, 16, 32... பத்தாவது படியில் 1,024 பேர். இருபதாவது படியில்? பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். நம்பவில்லை என்றால் நோட்டில் போட்டுப் பார். நானும் முதல் தடவை நம்பாமல் போட்டுப் பார்த்தவன்தான்.

இதில் ஒரு சந்தோஷச் செய்தியும் உண்டு. அந்த 2, 4, 8-ல் நடுவே ஒருவர் விலகி நின்றார் என்று வைத்துக்கொள். அவருக்குப் பின்னால் வர வேண்டிய அத்தனை பேரும் தப்பித்துவிடுகிறார்கள். அவர்கள் யார் என்று அவருக்குத் தெரியவே தெரியாது.

இங்கே ஒரு வார்த்தை பற்றிச் சொல்ல வேண்டும். இப்படித் தள்ளி நிற்பதை எல்லாரும் "சமூக இடைவெளி" என்றார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. நம் மண்ணில் சாதியின் பெயரால் மனிதரைத் தள்ளி நிறுத்திய பழைய பாவம் ஒன்று இருக்கிறது. அதை நினைவூட்டுகிற சொல் நமக்கு எதற்கு? "தனிமனித இடைவெளி" என்று சொல்வதுதான் சரி. மூக்குக்கும் மூக்குக்கும் நடுவில்தான் தூரம் வேண்டும். தெருமுனையில் தனியாக இருந்த ஆத்தாவுக்கும் சேர்த்து நாங்கள் மருந்து வாங்கிவந்து, வாசல் கல்லில் வைத்துவிட்டுக் குரல் கொடுப்போம். இது புதுப் பழக்கமும் அல்ல. அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தால், அந்த வீட்டுக்குள் யாரும் சட்டென்று நுழைய மாட்டார்கள். ஆனால் கூழும் இளநீரும் வாசல் வரைக்கும் வரும். உன் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பார்.

இப்போது முகக்கவசத்துக்கு வருவோம். கிருமி எவ்வளவு சின்னது தெரியுமா? உன் தலைமுடி ஒன்றின் அகலத்தில் 700, 800 கொரோனா கிருமிகளை வரிசையாக நிறுத்தலாம். துணியின் ஓட்டை அதைவிடப் பெரியது. பிறகு எப்படித் தடுக்கும்?

பட்டம் மரத்தில் மாட்டிப் பார்த்திருக்கிறாயா? கிளைகளுக்கு நடுவே எவ்வளவோ இடைவெளி இருக்கிறது. ஆனாலும் ஒரு கிளையில் தப்பினால் அடுத்த கிளையில் சிக்கிவிடுகிறது. துணியின் நூல்கள்தான் கிளைகள். அடுக்கு கூடக் கூடச் சிக்குவதும் கூடும். மூக்கை வெளியே விட்டுவிட்டுத் தாடையில் மாட்டினால் மட்டும் ஒன்றும் சிக்காது. பினாங்கில் பிறந்த வூ லியன் தே என்ற மருத்துவர், 1910-ல் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது, பஞ்சும் மெல்லிய துணியும் அடுக்கித் தைத்த முகக்கவசத்தை எல்லாரையும் போட வைத்தார். நூறு வருடத்துக்கு முந்தைய அறிவுதான் நமக்கும் கைகொடுத்தது.

சோப்பு எப்படி வேலை செய்கிறது என்று கேட்பாயே? அதற்குக் கொல்லிமலைப் பலாப்பழம் போதும். பழம் அறுக்கும் முன் அம்மா கையில் என்ன தடவிக்கொள்வாள்? எண்ணெய். பலாப் பிசின் தண்ணீருக்கு மசியாது, எண்ணெய்க்குத்தான் மசியும். கொரோனா கிருமியின் மேல்சட்டையும் கொழுப்பால் ஆனது. வெறும் தண்ணீர் அதன் மேல் வழுக்கி ஓடிவிடும். சோப்பின் துகளுக்கு ஒரு தலை, ஒரு வால். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்குக் கொழுப்பு பிடிக்கும். வால் போய்க் கிருமியின் சட்டையில் குத்திக்கொள்ளும், தலை தண்ணீரோடு இழுக்கும். சட்டை கிழிந்தால் கிருமியின் கதை முடிந்தது. ஆனால் இந்த இழுபறிக்கு நேரம் வேண்டும். அதனால்தான் 20 விநாடி தேய்க்கச் சொன்னார்கள். புரிகிறதா, கண்ணு? புரியவில்லை என்றால் இந்தப் பத்தியை இன்னொரு முறை படி. அவசரம் ஒன்றும் இல்லை.

ஒன்றை உன்னிடம் மறைக்கக் கூடாது. முதல் மாதங்களில் நாங்கள் பால் பாக்கெட்டைக்கூடச் சோப்புப் போட்டுக் கழுவினோம். பேப்பரை வெயிலில் காயவைத்துப் படித்தோம். பிளாஸ்டிக் மேல் இந்தக் கிருமி மூன்று நாள் வரைக்கும் இருக்கலாம் என்று ஆய்வுக்கூடத்தில் கண்டிருந்தார்கள். பிறகு இன்னும் ஆராய்ந்தபோது, பொருளைத் தொட்டுப் பரவுவது மிகக் குறைவு, காற்று வழிதான் முக்கியம் என்று தெரிந்தது. விஞ்ஞானிகள் மாற்றிச் சொன்னார்கள். "முன்னே ஒண்ணு சொன்னாங்க, இப்ப ஒண்ணு சொல்றாங்க" என்று சிலர் கோபப்பட்டார்கள். நீ கோபப்படாதே. கணக்கில் தப்பு தெரிந்ததும் அடித்துவிட்டுத் திரும்பப் போடுகிற பிள்ளையை எந்த வாத்தியாராவது திட்டுவாரா?

அப்படித் திருத்திக்கொள்ளாதது எது தெரியுமா? வதந்தி. அதனால் நம் நாமக்கல் பட்ட பாடு கொஞ்சமல்ல.

ஊரடங்குக்கு முன்பே, பிப்ரவரி, மார்ச் மாதங்களில், கோழியும் முட்டையும் சாப்பிட்டால் கொரோனா வரும் என்று செல்போன் செல்போனாக ஒரு பொய் பரவியது. ஜனங்கள் முட்டை வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். விலை தரையில் விழுந்தது. கோழிக்கு இதெல்லாம் தெரியுமா? அதன் வயிற்றில் ஒரு முட்டை உருவாக ஏறக்குறைய ஒரு நாள். அதிலும் பெரும்பகுதி நேரம் ஓடு கட்டுவதற்கே. ஊரில் வாங்க ஆள் இல்லை என்று அது வேலையை நிறுத்தாது. நாமக்கல் வட்டாரத்தில் ஒரு நாளைக்குக் கோடிக்கணக்கில் முட்டை. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் பண்ணை வைத்திருக்கும் ஒரு அண்ணனின் கொட்டகையில் அட்டை மேல் அட்டையாகக் கூரை வரைக்கும் முட்டை அடுக்கியிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். அவர் அட்டைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாரே தவிர, ஒன்றும் பேசவில்லை. இன்றும் அந்த முகம் மறக்கவில்லை.

உண்மை என்ன? கிருமி உடம்புக்குள் நுழைய ஒரு சாவி வேண்டும். நம் செல்களில் இருக்கும் ஒரு பூட்டுக்கு அந்தச் சாவி பொருந்துகிறது. கோழியிடம் இருக்கும் பூட்டு வேறு. 2020-லேயே சீனாவிலும் ஜெர்மனியிலும் இதைச் சோதித்தார்கள். கோழியின் மூக்கில் கிருமியை விட்டுப் பார்த்தார்கள். அது பெருகவே இல்லை. கீரி போலத் தோற்றமுள்ள ஃபெர்ரட் என்ற பிராணிக்குத் தொற்றியது, கோழிக்குத் தொற்றவில்லை. போதாததற்கு நாம் முட்டையை வேகவைத்துத்தானே சாப்பிடுகிறோம்! ஆக, அந்தப் பயத்துக்கு ஆதாரமே கிடையாது.

பயம் இன்னொன்றும் செய்யும். ஏப்ரல் 26 முதல் 28 வரை சேலம் மாநகராட்சியில் முழு ஊரடங்கு என்று அறிவித்தார்கள். மூன்றே நாள். முந்தின நாள் என் தங்கை சேலத்திலிருந்து போன் செய்தாள். அவள் தெருவில் இருந்த மளிகைக் கடையில் நிற்க இடமில்லையாம். கிருமிக்குப் பயந்து சாமான் வாங்க ஓடி, கிருமிக்குப் பிடித்த நெரிசலைத் தாங்களே உண்டாக்கிவிட்டார்கள். சாப்பாட்டு மணி அடித்ததும் பள்ளிக்கூடம் மொத்தமும் ஒரே கேட்டில் முட்டினால் எப்படி இருக்கும்? வகுப்பு வகுப்பாக மணி அடித்தால் யாருக்கும் கால் மிதிபடாது.

ரேஷன் கடைகளில் அந்த மாதிரி மணி அடித்தார்கள். அதற்குப் பெயர் டோக்கன். அரிசி அட்டைக்கு 1,000 ரூபாயும், ஏப்ரல் மாதத்து அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை இலவசமாகவும் தந்தார்கள். எந்த நாள், எந்த நேரம் வர வேண்டும் என்று டோக்கனில் எழுதியிருக்கும்.

எங்கள் முறை வந்த நாளில்தான் நான் சொல்ல வந்த கதையே நடந்தது. கடை முன்னால் சுண்ணாம்பில் அழகாக வட்டங்கள் போட்டிருந்தார்கள். வரிசையும் ஒழுங்காக இருந்தது. ஆனால் வட்டத்துக்குள் ஒரு ஆள்கூட இல்லை. மஞ்சப்பை, சாக்குப்பை, எண்ணெய் கேன், ஒரு வட்டத்தில் ஒற்றைச் செருப்பு. ஆட்கள் எங்கே? பக்கத்து வேப்பமர நிழலில் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு, முகக்கவசத்தை இறக்கிவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னேன். பைக்கு மூச்சு உண்டா, தும்மல் உண்டா, பைகளைத் தள்ளித் தள்ளி வைத்து என்ன பயன் என்று ஆதங்கப்பட்டேன். அக்கா மகள் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"மாமா, வெயில் அடிக்குதுல்ல? வட்டத்தையே நிழலுக்குக் கொண்டு போயிட்டா?"

எனக்கு வாயடைத்துப் போயிற்று. ஏப்ரல் வெயிலில் செருப்பில்லாத காலோடு யார் வட்டத்துக்குள் நிற்க முடியும்? ஜனங்கள் மேல் தப்பில்லை. வட்டம் போட்ட இடம்தான் தப்பு.

ஆனால் நிழல் ஒரே இடத்தில் இருக்குமா? மறுநாள் எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் அவள் ஆராய்ச்சியைத் தொடங்கினாள். 9 மணிக்கு நிழலின் நுனியில் ஒரு கல். 10 மணிக்கு ஒன்று, 11 மணிக்கு ஒன்று. நிழல் மேற்கிலிருந்து மரத்தை நோக்கிக் குறுகிக்கொண்டே வந்தது. உச்சி வேளையில் பார்த்தால் நிழல் முழுக்க மரத்துக்கு நேர் கீழே. பக்கத்தில் நட்டு வைத்த குச்சிக்கு நிழலே இல்லை! சேலம், நாமக்கல் பகுதியில் ஏப்ரல் 20-ஆம் தேதியை ஒட்டிச் சூரியன் சரியாகத் தலைக்கு மேலே வரும். அதற்கு நிழலில்லா நாள் என்று பெயர். ஆகஸ்ட் மாதம் இன்னொரு முறை வரும். நீயும் குச்சி நட்டுப் பார்க்கலாம்.

கல் வைத்த இடங்களை ஒரு தாளில் வரைந்து கொடுத்தாள். அதைக் கொண்டுபோய் ரேஷன் கடை அண்ணனிடம் காட்டினேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாப்பா எத்தனாவது படிக்குதுங்க?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த வாரம் அந்தப் பக்கம் போனேன். வேப்பமரத்துக்கு மேற்கே ஒரு வரிசை வட்டம், மரத்தை ஒட்டி இன்னொரு வரிசை வட்டம். காலையில் வந்தவர்கள் மேற்கு வட்டங்களில் நின்றார்கள். பைகள் தோளில் தொங்கின. 11 மணி சுமாருக்கு நிழல் மரத்துப் பக்கம் நகர்ந்ததும், முன்னால் நின்ற அம்மாயி ஒருவர் புடவைத் தலைப்பை இழுத்து மூக்கை மூடிக்கொண்டு, அடுத்த வட்டத்துக்குள் ஒரு எட்டு எடுத்து வைத்தார். பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராக, ஒரு வட்டம் தள்ளி, நிழலோடு சேர்ந்து கிழக்கே நகர்ந்தார்கள்.